சிவப்புக் கோடு வரை மிதிக்கும் முன்

ஃபெராரி டினோ 246 ஜிடி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் 7,600 ஆர்பிஎம்மில்தான், அதாவது நிமிடத்துக்கு 7,600 சுற்றில்தான், முழுச் சக்தியையும் காட்டும். அதற்காக ஸ்டார்ட் செய்ததுமே மிதித்துவிடாதீர்கள். மீட்டரில் 'அக்குவா' என்றால் தண்ணீர், 'ஓலியோ' என்றால் ஆயில். தண்ணீர் முள் சீக்கிரம் ஏறிவிடும், ஏமாற வேண்டாம். ஆயில் சூடாக நேரமெடுக்கும். அதுவரை 3,500 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டினால் நல்லது.

அப்புறம், இது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) காலத்து வண்டி. மீட்டரில் சிவப்புக் கோடு காட்டும் சுழற்சி எல்லையை மீறினால் கம்ப்யூட்டர் வந்து பெட்ரோலை நிறுத்தாது. கியரைக் குறைக்கும்போதுதான் இன்னும் கவனம் தேவை. ஐந்திலிருந்து நான்குக்குப் போகிறேன் என்று இரண்டில் போட்டுவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். வால்வை (காற்றும் புகையும் போய்வரும் கதவை) மூடும் ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், மூடாமல் நிற்கும் வால்வில் இடித்துவிடும்.