முக்கோணத்துக்குள் அடங்காத காணி: செயலமர்வில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மனிதர் சேர்ந்து செய்யும் வேலையை ஒரு முழு அமைப்பாகப் பார்ப்பது செயற்பாட்டுக் கோட்பாடு. அதற்காக ஆய்வாளர் யூரியோ எங்கஸ்ட்ரோம் 1987இல் வரைந்த முக்கோணத்தில் ஆறு இடங்கள் உண்டு: செயற்படுபவர், கருவி, நோக்கப்பொருள், விதி, சமூகம், வேலைப்பிரிவினை. செயலமர்வு ஒன்றில் வன்னிப் பாடசாலையின் சிக்கலை இதில் போட்டுப் பார்க்கலாம். பிழைப்பது பெரும்பாலும் எதை உள்ளே சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்று எல்லை போடும் இடத்தில்தான்.

கச்சான் பிடுங்கும் காலத்தில் தரம் 8இல் வரவு குறைகிறது என்று வையுங்கள். டிமை தாளில் ‘சமூகம்’ என்ற மூலையில் யாராவது “பெற்றோருக்கு அக்கறையில்லை” என்று எழுதிவிடுவார். அதோடு கதை முடிந்தது. அடுத்தது விழிப்புணர்வுக் கூட்டம். அப்படி எழுத விடாதீர்கள். பக்கத்திலேயே வீட்டுக்கு இன்னொரு முக்கோணம் வரையுங்கள். காணி யாருடையது, நாட்கூலி எவ்வளவு, நுண்கடன்காரர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். கடன்காரர் வரும் நாளையும் பிள்ளை வராத நாளையும் வரவு இடாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையை முரண்பாடு என்று எண்ணுவது அடுத்த பிழை. கதிரை போதாமை ஒரு குறை, அவ்வளவுதான். இக்கோட்பாட்டில் அடிமுரண்பாடு என்பது மார்க்சிடமிருந்து வந்த பயன்மதிப்பு (ஒன்று நமக்குப் பயன்படும் மதிப்பு), பரிமாற்றமதிப்பு (சந்தையில் மாற்றும் மதிப்பு) மோதல். அதைக் கைவிட்டால் நேரசூசி மாறும், கூலியும் கடனும் அப்படியே கிடக்கும். இந்தக் கோட்பாடு நடைமுறையில் பழமை பேணுவதாகிவிடுகிறதா என்று கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் அவிஸ் 2007இலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

‘விதி’ மூலையை மழை வெயில் போல் எழுதாதீர்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, மாற்றக் கையெழுத்திட வேண்டியவர் யார் என்று குறியுங்கள்: அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணம், கொழும்பு. காணியை எடுங்கள்: அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் அதை மாகாணப் பட்டியலில் சேர்த்தது. அரச காணியோ குடியரசிடமே இருக்கிறது. கையெழுத்து கொழும்பின் பக்கம் நீண்டால், அது செயலமர்வு தீர்க்கும் விடயமல்ல என்று அன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாம் அமர்வு வரை இழுத்தடிக்க வேண்டாம்.

கடைசியாக, எல்லோரையும் ஒரே மேசையில் இருத்துவது. அதிகாரி இருக்கும் அறையில் கூலிக்காரத் தாய் “ஓம்” என்றுதான் சொல்வார். அந்த “ஓம்” அறிக்கையில் இணக்கப்பாடாக ஏறிவிடும். தாய்மாரோடு தனியாக முதலில் ஒரு அமர்வு வையுங்கள். மேசையே இல்லாத இடங்களும் உண்டு: முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச்சில் படையினர் வசமிருந்த தங்கள் காணிக்காகத் தொடர் போராட்டம் தொடங்கியது படைமுகாமுக்கு முன்னால்.