பிக்-அப் டிரக்கின் ஸ்பார்க் பிளக்: வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகள்

எஞ்சினுக்குள் பொறி அடித்து எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிய பிறகு வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது பழைய பிளக்குகள் கையில் இருக்கின்றனவா என்பதைத்தான். இருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மரையின் நீளம், அடியில் வாஷர் இருக்கிறதா இல்லையா, பீங்கானில் அச்சிட்டிருக்கும் எண். பத்துக்கு ஏழெட்டு முறை கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். புதிய பிளக்கில் குறை ஒன்றும் இருக்காது, அது வேறொரு எஞ்சினுக்கு உரியதாக இருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்-அப்களில் குழப்பம் வருவதற்கு எரிபொருளும் ஒரு காரணம். ஒரே பெயரில் டீசல் வண்டியும் பெட்ரோல் வண்டியும் வருகின்றன. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதிலிருப்பது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் குளோ பிளக். இங்கே பேசுவது பெட்ரோல் எஞ்சினைப் பற்றி மட்டும்.

எண்ணைப் பிராண்டு மாற்றிப் படிப்பது

எனக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வண்டியில் இருந்த பிளக்கின் ஹீட் ரேஞ்ச் எண், அதாவது அது எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்று காட்டும் எண், 5. அது கிடைக்காததால் வேறொரு பிராண்டில் அதே 5 போட்ட பிளக்கை வாங்கி மாட்டினேன். மரை பொருந்தியது, வண்டியும் கிளம்பியது. இரண்டு வாரம் கழித்துக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுங்க ஆரம்பித்தது, ஏற்றத்தில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல் தவறுவது). கழற்றிப் பார்த்தால் எல்லாப் பிளக்கின் மூக்கிலும் அடுப்புக்கரி போல உலர்ந்த கருப்பு.

காரணம் எளிது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூடப் பிளக் ‘குளிர்ச்சி’. பாஷ், சாம்பியன், ஆட்டோலைட் ஆகியவற்றில் எண் கூடக் கூடப் பிளக் ‘சூடு’. திசையே நேர் எதிர். அளவுகோலும் வேறு. என்ஜிகேயின் 5 என்பது டென்சோவில் 16, பாஷில் 8 என்ற அளவுக்கு இணை. எண்ணை மட்டும் பார்த்து என்ஜிகே 5-க்குப் பதிலாக பாஷ் 5 வாங்கினால், கிடைப்பது தேவையைவிட இரண்டு படி குளிர்ந்த பிளக். பிராண்டு மாறினால் எண்ணை ஒப்பிடவே கூடாது. புதிய பிராண்டின் பட்டியலில் உங்கள் எஞ்சினைத் தேடி, அதற்கென்று அவர்கள் சொல்லும் முழுக் குறியீட்டை எடுக்க வேண்டும்.

இந்த ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்ற சொற்களே பலரைத் திசைதிருப்புகின்றன. சூடான பிளக் என்றால் பொறி பலமாக அடிக்கும் என்று நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எரிப்பறையில் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு, வாங்கிய வெப்பத்தை எவ்வளவு வேகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் ஹெட்டை அடைய நெடுவழி போக வேண்டும், அதனால் நுனி சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானே எரிந்து உதிரும். அதற்குக் கீழே கரி தங்கும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் பொறி இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் வழியே நழுவிவிடும். எனக்கு வந்த மிஸ்ஸிங் அதுதான். மறுபக்கம், நுனி 800 டிகிரியைத் தாண்டிப் போனால் பிளக்கே தணல் போலாகி, பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். குளிர்ந்த பிளக் வண்டியை நிறுத்திவிடும், சூடான பிளக் எஞ்சினையே அழித்துவிடும். இரண்டில் எது என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டிய கட்டம் வந்தால் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

பிக்-அப் வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு நம்பிக்கை உண்டு. பாரம் ஏற்றுகிறோம், டிரெய்லர் இழுக்கிறோம், எனவே ஒரு படி குளிர்ந்த பிளக் போடலாம் என்று. பாரம் இழுப்பதற்காகவே கட்டிய வண்டி அது. நிறுவனம் குறித்த பிளக் அந்த வேலையைக் கணக்கில் எடுத்துத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) தரும் அழுத்தத்தைக் கூட்டியிருந்தால், எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி இழுவையைக் கூட்டியிருந்தால், அந்த வேலையைச் செய்தவர் சொல்லும்போது ஒரு படி குளிர்ந்ததற்குப் போவது நியாயம். வாரத்தில் ஐந்து நாள் குறுகிய தூரம் ஓடி, ஒரு நாள் மட்டும் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது கரியைத்தான் சேர்க்கும்.

மாடலும் வருடமும் போதும் என்று நினைப்பது

ஒரே வருடம், ஒரே பெயர், ஆனால் உள்ளே மூன்று நான்கு வகை எஞ்சின்கள். பிக்-அப்களில் இது சாதாரணம். எஞ்சின் குறியீட்டைத் தெரிந்துகொள்ளாமல் பிளக் கேட்கக் கூடாது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில், 17 இலக்க அடையாள எண்ணில் 8-ஆவது எழுத்து பெரும்பாலும் எஞ்சினைக் குறிக்கும்.

சில சமயம் எஞ்சின் பெயர்கூடப் போதாது. ஃபோர்டு எஃப்-150-இல் 2004 முதல் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட வி8 (எட்டுச் சிலிண்டர்) எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அதன் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. நீண்ட கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி இறுகிவிடுவதால், கழற்றும்போது மேல்பாதி கையில் வந்து கீழ்ப்பாதி ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும். அதை எடுப்பதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 2007-இன் பிற்பகுதியில் ஹெட்டும் பிளக்கும் மாற்றப்பட்டன. ஆகவே 2008 மாடல் என்று சொன்னால் மட்டும் போதாது, எஞ்சின் எந்த மாதம் தயாரானது என்பதும் தெரிந்தாக வேண்டும். பழைய வகை ஹெட் என்றால், ஒரே துண்டாகச் செய்த மாற்றுப் பிளக் கிடைக்கிறது. அடுத்த முறை கழற்றப்போகும் கைக்கு அது பெரிய உதவி.

கிறைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமி வி8 வேறு வகைப் பாடம். எட்டுச் சிலிண்டருக்கு 16 பிளக்குகள். எட்டு வாங்கி வந்து, மூடியைத் திறந்த பிறகு திகைத்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

வண்டியில் ஏற்கெனவே இருப்பதையே மாதிரியாக எடுப்பதும் ஆபத்துதான். வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் தவறான பிளக்கைப் போட்டிருக்கலாம். பழைய பிளக்கைப் பாருங்கள், ஆனால் அதைக் கையேட்டோடு சரிபாருங்கள்.

விலை உயர்ந்த உலோகம் என்றால் இழுவை கூடும் என்பது

இரிடியம் போட்டால் குதிரைத்திறன் கூடும் என்று நம்பி வாங்குபவர்கள் நிறைய. நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் அப்படி எதுவும் நடக்காது. இரிடியம் தருவது ஆயுள். நிக்கல் சுமார் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். தேய்மானத்தைத் தாங்குவதால் நடு முனையை மிக மெல்லிசாகச் செய்ய முடிகிறது. நிக்கல் பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரிடியத்தில் 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. முனை மெல்லிசானால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாண்டும்.

‘காப்பர் பிளக்’ என்ற பெயரும் ஏமாற்றும். தாமிரம் இருப்பது உள்ளே, வெப்பத்தைக் கடத்தும் நடுத்தண்டில். பொறி அடிக்கும் முனை நிக்கல் கலவை. உள்ளே தாமிரத் தண்டு இரிடியம் பிளக்கிலும் உண்டு. ஆனால் இந்தச் சாதாரண பிளக்கை மட்டமாக நினைக்க வேண்டாம். தொடக்ககால ஹெமி எஞ்சின்களுக்கு நிறுவனமே கொடுத்தது நிக்கல் முனை பிளக்தான், 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்றும்படி.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது கீழே இறங்குவதை. இரிடியத்தோடு வந்த எஞ்சினுக்கு நிக்கல் போட்டால், நுனி தேயத் தேய இடைவெளி அகலும், ஒவ்வொரு பொறிக்கும் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கருவி) கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டியிருக்கும். பிளக்கில் மிச்சம் பிடித்ததைக் காயிலில் கொடுப்போம். அதோடு, வி8-இல் பின்பக்கப் பிளக்குகளைத் தொடவே அரை நாள் போகும். அந்த வேலையை அடிக்கடி செய்ய யாருக்கும் மனம் வராது.

1990-களில் வந்த பல எஞ்சின்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்கும். அந்த ஏற்பாட்டில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடு முனையிலிருந்து வளைந்த முனைக்குத் தாவும், ஜோடிப் பிளக்கில் அது தலைகீழ். ஆகவே ஒன்றில் நடு முனையும் மற்றதில் வளைந்த முனையும் அதிகம் தேயும். இவற்றுக்கு இரு முனையிலும் பிளாட்டினம் உள்ள பிளக் வேண்டும். ஒரு முனையில் மட்டும் பிளாட்டினம் உள்ளதைப் போட்டால் பாதிப் பிளக்குகள் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இரண்டு, நான்கு வளைமுனைகளோடு வருபவை? பொறி ஒரு நேரத்தில் ஒரே முனைக்குத்தான் தாவும். கையேடு கேட்கவில்லை என்றால் தேவையில்லை.

பெட்டியிலேயே கேப் சரியாக வந்திருக்கும் என்று விடுவது

ஒரே பிளக் பல எஞ்சின்களுக்குப் போகும். பெட்டியில் வரும் கேப் (நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் இடையே உள்ள இடைவெளி) அவற்றில் ஏதோ ஒன்றுக்கு உரியது. டர்போ இல்லாத எஞ்சின்கள் பல 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர் கேட்கும், சில பழைய எஞ்சின்கள் 1.5 வரை. ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் போன்ற டர்போ எஞ்சின் 0.8 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும், ஏனென்றால் அழுத்தம் கூடிய காற்றில் பொறி தாவுவது கடினம். கேப் அகலமாக இருந்தால் வெறும் வண்டியில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மிஸ்ஸிங் வரும். எல்பிஜி, சிஎன்ஜி எரிபொருளுக்கு மாற்றிய வண்டிகளிலும் இதே கதை. வாயுவில் பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும், ஆகவே கேப்பைச் சற்றுக் குறைக்கச் சொல்வார்கள்.

அளக்கும்போது நாணயம் போலிருக்கும் கேஜை மெல்லிய இரிடியம் முனையில் நெம்பாதீர்கள். முனை ஒடியும், அல்லது பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கம்பி வகைக் கேஜால் அளந்து, திருத்த வேண்டியிருந்தால் வளைந்த முனையை மட்டும் தொடுங்கள். பிளக் கீழே விழுந்தாலும் அதே விரிசல் பயம் உண்டு. விழுந்ததை நான் மாட்டுவதில்லை.

மரை ஏறிவிட்டது, ஆகவே பொருந்திவிட்டது என்பது

14 மில்லிமீட்டர் மரை பரவலானது. அதனால்தான் தவறான பிளக்கும் சுலபமாக ஏறும். மரைப்பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டராகவும் இருக்கும், 26.5 மில்லிமீட்டராகவும் இருக்கும். நீளம் கூடினால் எரிப்பறைக்குள் நீண்டு பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால், பிளக் எட்டாத ஹெட் மரையில் கரி இறுகி, பின்னால் சரியான பிளக்கை ஏற்றும்போது மரையே கிழியும். அமரும் இடமும் இரு வகை: வாஷரோடு தட்டையாக அமர்வது, வாஷர் இல்லாமல் கூம்பாக அமர்வது. ஒன்றின் இடத்தில் மற்றது வேண்டாம், கூம்புப் பிளக்குக்கு வாஷர் சேர்ப்பதும் வேண்டாம். குறியீட்டில் வரும் ‘ஆர்’ என்ற எழுத்து உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) இருப்பதைக் காட்டும், பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில். அது இல்லாத பிளக் ரேடியோவில் இரைச்சலையும், எஞ்சின் கணினியில் காரணமே புரியாத கோளாறுகளையும் கொண்டுவரும்.

இறுக்குவதிலும் இந்த வேறுபாடு தொடரும். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், கூம்புப் பிளக்குக்கு 10 முதல் 20 என்பது வழக்கமான அளவு. எஞ்சின் ஆறிய பிறகு, கையால் முழுதும் திருகிவிட்டுப் பிறகே ரெஞ்ச். முலாம் பூசிய மரைக்கு ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) தடவ வேண்டாம் என்கிறது என்ஜிகே. வழுக்கல் கூடுவதால், ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் மரை அளவுக்கு மீறி இழுபடும்.

போலிப் பிளக்குகளைப் பற்றிக் கவலையோடு சொல்கிறேன். பெட்டி அச்சு அசலாக இருக்கும். பீங்கானில் எழுத்து மங்கலாக இருக்கும், வாஷர் தொட்டவுடன் கழன்று விழும், வளைந்த முனை நடு முனைக்கு நேராக நிற்காது. நம்ப முடியாத விலை என்றால் வேண்டாம்.

பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நலம். ஒன்றில் மட்டும் எண்ணெய்ப் பசை இருந்தால் அந்தச் சிலிண்டரில் வேறு வேலை இருக்கிறது. வெளிப்பக்கப் பீங்கானில், உலோகத்தை ஒட்டிப் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தம் எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைக்கும் கறை அது, பிளக் கசியவில்லை. புதியவற்றின் முழுக் குறியீட்டையும் கேப்பையும் ஓடிய தூரத்தையும் அதே அட்டையில் எழுதிவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.