வன்னி வளவில் வெள்ளை மல்பெரி: தடியிலிருந்து பழம் வரை

மல்பெரி என்றதும் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் விளைகிற பழம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. சீனாவைத் தாயகமாகக் கொண்ட வெள்ளை மல்பெரி நல்ல வெயில் கேட்கும் மரம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பட்டுப்புழுவுக்காக ஏக்கர் கணக்கில் நட்டிருப்பது இந்த இனத்தையும் இதன் நெருங்கிய உறவுகளையும்தான். அந்த வெயிலைத் தாங்குகிற மரம் கிளிநொச்சி வெயிலையும் தாங்கும். என் வளவில் நிற்கும் மரம் சோளகக் காற்றிலும் நின்று காய்க்கிறது. கையில் ஒரு தடி கிடைத்திருக்கிறது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்து வெள்ளைப் பழத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஊதா எல்லாமே இந்த இனத்தில் உண்டு.

எந்த மரத்தில் தடி எடுப்பது

பழம் காய்த்ததை உங்கள் கண்ணால் கண்ட மரத்தில் மட்டும் எடுங்கள். மல்பெரியில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களில் வரும். ஆண் மரத்துத் தடியை நட்டால் காலம் முழுவதும் இலை மட்டும்தான். பெண் மரத்துத் தடி என்றால் ஒன்றே போதும். அருகில் ஆண் மரம் இல்லாமலே காய்க்கும் வகைகள் பல இருக்கின்றன. விதை போட்டு வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆணா பெண்ணா என்று அறியவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆண் மரத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதன் பூ ஓர் அதிசயம். மடங்கி இறுகியிருக்கும் மகரந்தத் தாள் திடீரென விடுபட்டு, ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் மகரந்தத்தை வீசுகிறது என்று 2006 இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். தாவர உலகில் அதைவிட வேகமான அசைவை அதுவரை யாரும் பதிவு செய்திருக்கவில்லை.

தடி வெட்டுதல்

பச்சைக் கொம்பு வேண்டாம். பட்டை பழுப்பாகி முதிர்ந்த, பென்சிலைவிடச் சற்றுப் பருமனான தடி வேண்டும். நீளம் எட்டு ஒன்பது அங்குலம். மூன்று நான்கு முளைக் கணுக்கள் இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைச் சரிவாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிவிட்டால் எது தலை எது அடி என்ற குழப்பம் வராது. இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். கத்தியால் கொத்தினால் நுனி பிளந்து, அந்தப் பிளவில் அழுகல் தொடங்கும். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கும் செடிக் கத்தரிக்கோல்தான் இதற்கு ஏற்றது. வெட்டும்போது பால் வடியும். அலகு ஒட்டத் தொடங்கினால் தேங்காய் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

காலம் முக்கியம். ஆடி, ஆவணியில் தடியை ஊன்றினால், காலபோக மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கன்று நடுவதற்குத் தயாராக இருக்கும். வேலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓட வேண்டும்.

வேர்: அவசரப்படக் கூடாத இடம்

பலருடைய தடி பட்டுப்போவது இங்கேதான். எனக்கும் விளங்குவதற்கு நாள் எடுத்த இடம் இது.

ஊன்றிய இரண்டு கிழமைக்குள் கணு வெடித்துத் தளிர் வரும். கூடவே பச்சைப் புழுப்போல ஒரு சிறு பூங்கதிரும் எட்டிப்பார்க்கும். பார்க்கிறவருக்குத் தடி பிடித்துவிட்டது என்றே தோன்றும். உண்மையில் அப்போது மண்ணுக்குள் ஒரு வேர்கூட இருக்காது. தடிக்குள் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அந்தத் தளிர் விரிகிறது. அந்த நேரத்தில் பிடுங்கி நிலத்தில் நட்டால் செத்துவிடும். நடாமல் விட்டாலும், மூன்றாம் நான்காம் கிழமையில் தளிர் வாடுவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுவார்கள். தடி அடியில் கறுத்து அழுகும்.

ஆகவே இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வேரைப் பாருங்கள். அதற்கு நான் கைக்கொள்வது வெறும் தண்ணீர்ப் போத்தல் முறை. ஒன்றரை லீட்டர் தெளிவான பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி நீக்கி, அடியில் ஐந்தாறு துளை இடுங்கள். செம்மண், ஆற்று மணல், கரியாக்கிய உமி மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் எரு வேண்டவே வேண்டாம். தடியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். ஒன்றோ இரண்டோ கணு வெளியே இருந்தால் போதும். பிறகு போத்தலைச் சுற்றிக் கறுப்புப் பொலித்தீன் கட்டுங்கள். வேர் வெளிச்சத்தை விரும்பாது. கிழமைக்கு ஒரு முறை பொலித்தீனை அவிழ்த்துப் பார்த்தால், போத்தல் சுவரோடு வெள்ளை நூலாக வேர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கடையில் வாங்கும் கறுப்பு நாற்றுப் பையில் இந்த வசதி இல்லை. அதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு எப்போதும் போத்தலையே சொல்கிறேன்.

வேர் அடிவரை வந்து, வளையத் தொடங்கி, முதல் வேர்கள் பழுப்பு நிறம் கொள்ளும்போதுதான் நட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும். அதுவரை கிடுகுப் பந்தலின் கீழோ மாமர நிழலிலோ வையுங்கள். எட்டிப்பார்க்கும் பூங்கதிரை அன்றே கிள்ளிவிடுங்கள்.

நடுதல்

இரண்டடிக் கிடங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு, மேல்மண். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கிணற்றிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் பதினைந்து அடியாவது தள்ளி நடுங்கள். வேர் தூரம் போகும். மாரியில் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்றால் மண்ணைக் குவித்து மேட்டில் நடுங்கள். வறட்சியைத் தாங்குகிற இந்த மரம், தேங்கிய நீரில் நிற்காது.

வன்னியில் இரண்டு எதிரிகள். ஒன்று கறையான். வைக்கோல் மூடாக்கு நல்லதுதான், ஆனால் அடித்தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். தாங்குதடிக்குக் காய்ந்த கம்பு ஊன்றினால் கறையானுக்கு விருந்து. பழைய இரும்புக் குழாய்த் துண்டு போதும். பட்டையில் மண் கோடு ஏறினால் உடனே சுரண்டிவிட்டு, அடியில் வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள்.

மற்றது கட்டாக்காலி மாடு. கார்த்திகையில் நட்ட கன்று தளிர்த்து அழகாக நிற்கும் வேளையில்தான் வயல் அறுவடை முடிந்து மாடுகள் திரியத் தொடங்கும். மல்பெரி இலையை மாடும் ஆடும் அத்தனை ஆசையாகத் தின்னும். கன்றைச் சுற்றி முள்ளு அலம்பலை ஆள் உயரத்துக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் மேலே சொன்ன மூன்று மாத உழைப்பு ஒரு காலையில் போய்விடும்.

முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தடவை இரண்டு வாளி தண்ணீர். அடுத்த ஆண்டிலிருந்து மரம் தானே தேடிக்கொள்ளத் தொடங்கும்.

வெட்டினால்தான் காய்க்கும்

மல்பெரி புதுக் கொம்பில்தான் காய்க்கும். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் இலை கொட்டி, வசந்தத்தில் புதுத் துளிரோடு பூ வருகிறது. நமக்கு அந்தக் குளிர் இல்லை. மரம் இலையோடு சும்மா நிற்கும். ஆகவே குளிர் செய்யும் வேலையை நாம் செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து, தைப்பொங்கல் கழிந்ததும் கொம்புகளை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டி, மிச்சமிருக்கும் இலைகளையும் ஒன்று விடாமல் உருவிவிடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். புதுத் துளிரின் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் கதிர் வரும். இரண்டு மூன்று மாதத்தில் பழம். மழையில் பழுத்தால் சப்பென்று இருக்கும், உதிரவும் செய்யும். வெயிலில் பழுத்தால்தான் இனிப்பு. மரத்தை ஆள் உயரத்துக்கு மேல் விடாதீர்கள், பழம் முழுவதும் பறவைக்குத்தான் போகும்.

பழுத்ததை இழுக்க வேண்டியதில்லை, விரல் பட்டாலே கையில் விழும். படங்கை விரித்துக் கொம்பை உலுக்குவது இன்னும் எளிது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் வைக்கலாம். பிள்ளைகள் பச்சைக் காயைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றைப் புரட்டும்.

பின்னர் சேர்த்தவை

நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சு படிகிறது என்று வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அது மாவுப்பூச்சி. 2008 இல் இலங்கைக்குள் நுழைந்த பப்பாசி மாவுப்பூச்சிக்கு மல்பெரியும் பிடிக்கும். சுருண்ட நுனியை வெட்டி எரித்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். கடும் நஞ்சு அடித்தால், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளும் சாகும்.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணில் வளருமா என்ற கேள்விக்கு: மேடு போட்டால் வளரும். கோடையில் அந்த மண் வெடிக்கும்போது வேர் அறாமல் இருக்க மூடாக்கைத் தடிப்பாகப் போடுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் நடுபவர்கள் கிடங்கில் குளத்து வண்டலைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

தையில் வெட்டிய இலைகளைக் குப்பையில் போடாதீர்கள். புரதம் நிறைந்த தீவனம் அது. கட்டுக் கட்டாக ஆட்டுக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். ஆடு வளர்க்காதவர்கள் வளர்க்கிற அயலவருக்குக் கொடுத்து, பதிலுக்கு எரு வாங்கிக்கொள்ளலாம்.