நோயல் ஷவாஸை முறையா நினைவு கூர்றது எப்படி: பெல்ஜியம் போறவங்களுக்கும் போக முடியாதவங்களுக்கும்

1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் ஓடினவர் நோயல் ஷவாஸ், கூடப் பிறந்த ரெட்டையர் கிறிஸ்டோபரும் அதே போட்டியில ஓடினார், ஹீட்ல (தொடக்கச் சுற்று ஓட்டம்) முதல்ல வர்றவங்க மட்டும்தான் அடுத்த ரவுண்டு போக முடியும், நோயல் மூணாவதா வந்து வெளியேறிட்டார். அப்புறம் டாக்டராகி, முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவத்தோட லிவர்பூல் ஸ்காட்டிஷ் படைக்கு மருத்துவரா போய், 1917 ஆகஸ்ட் 4-ந் தேதி காயத்தால இறந்துட்டார். வயசு 32.

பிரிட்டனோட உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் ரெண்டு தடவை வாங்கினது உலகத்துலயே மூணே பேர், அதுல இவர் ஒருத்தர்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நீங்க அப்படி ஆரம்பிக்காதீங்க. மொதல்ல 1916 அக்டோபர் 26 லண்டன் கெஜட்ல (பிரிட்டன் அரசிதழ்) இவரோட முதல் விக்டோரியா கிராஸுக்காக வந்த குறிப்பைப் படிங்க, ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்குது. பிரான்ஸ்ல நடந்த சோம் போர்ல கில்லமான் ஊர் பக்கத்துல எதிரி லைனுக்கு முன்னாடியே ராத்திரி நாலு மணி நேரம் காயம்பட்டவங்களைத் தேடினது, மறுநாள் ஷெல் மழைக்கு நடுவுல ஒருத்தரை 500 கஜம் தூக்கிட்டு வந்தது, தனக்கே அடிபட்டும் அன்னைக்கு ராத்திரி 20 பேரைக் கூட்டிட்டு திரும்பப் போனது எல்லாம் அதுல இருக்கு. எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. செத்துக் கிடந்தவங்களோட அடையாளத் தகடுகளையும் சேகரிச்சுட்டு வந்திருக்கார். அந்தத் தகடு வந்தாத்தான் வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு புள்ள என்ன ஆனான்னு உறுதியாத் தெரியும். மத்தவங்க பேர் அழிஞ்சிடக் கூடாதுன்னு உயிரைப் பணயம் வச்ச மனுஷன், அவரை நினைக்கிறதுலயும் அந்த அக்கறை வேணும்.

நேர்ல போறீங்கன்னா ஈப்பர் ஊருக்கும் போப்பெரிங்கவுக்கும் நடுவுல இருக்கிற பிராண்ட்ஹுக் போங்க, அவர் கல்லறை அங்கதான். அங்க ஒரே பேர்ல மூணு ராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கு, கவனம், நீங்க தேடவேண்டியது பிராண்ட்ஹுக் நியூ மிலிட்டரி செமிட்ரி, "நம்பர் 3"ன்னு போட்டிருந்தா அது வேற. ரெண்டு விக்டோரியா கிராஸ் செதுக்கின கல் அவருடையது. அதுக்கு முன்னாடி மட்டும் நின்னு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க, சுத்தி இருக்கிற கல்லும் அதே அளவுதான், நாலஞ்சு பேரையாவது வாசிங்க. சாயங்காலம் ஈப்பர் திரும்பி மெனின் கேட் போங்க, உடம்பு கிடைக்காத சிப்பாய்களோட பேரைச் செதுக்கின நினைவு வாசல் அது, 8 மணிக்கு தினமும் பியூகிள் வாசிப்பாங்க, கொஞ்சம் முன்னாடியே போயிட்டா சுவர்ல எய்டன் ஷவாஸ் பேரைத் தேடலாம். நோயலோட தம்பி, இவர் சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அதே பகுதியில காணாமப் போனவர், உடம்பு கிடைக்கவே இல்ல, அதனாலதான் கல்லறை இல்லாம சுவர்ல பேர் இருக்கு.

போக முடியாதவங்க ஆகஸ்ட் 4 அன்னைக்கு பக்கத்து கிரவுண்டுல 400 மீட்டர் ஓடுங்க, நிறைய பேர் வேணாம், நேரம் பார்க்க வேணாம், முழங்கால் வலின்னா நடந்தாலும் போதும். ஓடறதுக்கு முன்னாடி அந்த கெஜட் குறிப்பைத் தமிழ்ல சொல்லுங்க, குறிப்பா பசங்க வந்திருந்தா, வீரம் வீரம்னு பொதுவா பேசறதை விட 500 கஜம் ஒரு ஆளைத் தூக்கினார்னு சொன்னா அவங்களுக்கே புரியும். ஓடுற ஒவ்வொருத்தரும் லிவர்பூல் ஸ்காட்டிஷ்ல செத்த ஒரு சிப்பாயோட பேரை சட்டையில குத்திக்கலாம். காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் தளத்துல படைப்பிரிவையும் 1916 ஆகஸ்ட் 8, 9 தேதியையும் போட்டுத் தேடினா கில்லமான்ல செத்தவங்க பேர் வரும். பேர், சர்வீஸ் நம்பர், இறந்த தேதி மூணையும் பதிவுல இருக்கிறபடியே எழுதிக்கோங்க, சில பேருக்கு வயசு இருக்காது, அதை நீங்களா நிரப்பாதீங்க.