ஆய்வேட்டை அரசாங்க மேசைவரை கொண்டுபோவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிவத்தோடு வருகிறார்கள். வரிசை வீட்டுப் பாட்டிமார் தேத்தண்ணி கொடுத்து, ஒளிவுமறைவில்லாமல் எல்லாம் சொல்கிறார்கள். ஆய்வேடு முடிந்து பட்டமும் கிடைத்துவிடுகிறது, ஆனால் ஒழுகின கூரை ஒழுகினபடியே இருக்கிறது. இது மாற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அதிகாரம் யார் கையில் என்று பாருங்கள். நிலம் மாநில அரசாங்கத்துடையது, கல்வி மத்திய அரசாங்கத்துடையது. வீட்டுமனைக் கோரிக்கை என்றால் நாடாளுமன்ற உறுப்பினரோடு நிற்காமல் சட்டமன்ற உறுப்பினரையும் நில அலுவலகத்தையும் பாருங்கள். தோட்டத்து வீடுகள் மோசம் என்றால் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆவது சட்டம், ஏற்கெனவே இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது புதுச் சட்டம் அல்ல, தொழிலாளர் இலாகாவின் சோதனை.

அப்புறம், அரசாங்கம் எதை வைத்து அளக்கிறது என்று கேளுங்கள். இதுதான் முக்கியம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் வருமானத்தை ஏழ்மைக் கோடாக வைத்திருந்தபோது 2016இல் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு என்றார்கள். அந்தக் கோடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று உள்ளூர் ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், 2019இல் கடும் ஏழ்மை பற்றிய ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் வந்து அதையே வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் கோடு 2,208 ரிங்கிட்டானது. அந்தக் கணக்கில் 2019க்கான விகிதம் 5.6 விழுக்காடு. கணக்கில் வராத குடும்பத்துக்குத் திட்டத்தில் எங்கே இடம்?

சரி, ஆய்வை அதிகாரிக்குச் சுருக்கி எழுதுவது எப்படி? இரண்டே பக்கம், மலாய் மொழியில். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் 140 பக்க ஆய்வை அப்படித்தான் சுருக்கினோம். "இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் விடிகாலை 5.15க்கே பேருந்துக்கு நிற்கிறார்கள்" என்பது முதல் வரி. அதிகாரி அதைப் படித்துத் தலையாட்டினார், ஆனால் பேனாவை எடுத்து வட்டமிட்டது மாதச் செலவு எழுதியிருந்த வரியைத்தான். அதனால் செலவுக் கணக்கு இல்லாமல் போகாதீர்கள்.

நேரமும் பாருங்கள். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும், செப்டம்பரில் போய் நின்றால் தாமதம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இரண்டு பக்கத்தையும் பதில் சொன்ன பாட்டிமாரிடமே தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "நாங்க இப்படிச் சொல்லலையே" என்றால் திருத்திக்கொண்டு, அவர்களில் ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு இலாகாவுக்குப் போங்கள்.