ஸ்டீம் டெக்: புதிதாக வாங்கியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

திரையைக் கீறாதீர்கள், காற்றுத் துளையை அடைக்காதீர்கள், தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது தெரியாதவர் யாரும் இவ்வளவு பணம் போட்டு வால்வ் நிறுவனத்தின் இந்தக் கையடக்க கேம் கருவியை, அதாவது டெக்கை, வாங்குவதில்லை. வாங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் புதியவர்கள் வந்து கேட்கும் கேள்விகள் வேறு. அவை வருடக்கணக்காக மாறவேயில்லை. பார்க்க விளையாட்டுப் பெட்டி மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ். அது கணினி என்பதை மறந்துவிடுகிறார்கள், அல்லது அதை விண்டோஸ் கணினியாக நினைத்துக்கொள்கிறார்கள். கீழே இருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து பிறப்பவை.

இன்னொன்று: இந்தியாவில் டெக் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோ கைமாறியோ வந்த கருவிக்குப் பக்கத்துத் தெருவில் சர்வீஸ் சென்டர் இருக்காது. அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

போன் சார்ஜரை நம்புவது

டெக்குடன் வருவது 45 வாட் யூஎஸ்பி-சி பவர் டெலிவரி சார்ஜர்: 15 வோல்ட், 3 ஆம்பியர். வீட்டில் இருக்கும் போன் சார்ஜரில் 65, 80 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த எண் அந்த போன் நிறுவனத்தின் சொந்த வேகச் சார்ஜ் முறைக்கு மட்டும்தான் பொருந்தும். டெக்கில் செருகியதும் அப்படிப்பட்ட பல சார்ஜர்கள் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மெதுவான சார்ஜர் என்று டெக்கே திரையில் எச்சரிக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கனமான கேம் ஓடும்போது எல்சிடி திரை கொண்ட டெக் 25 வாட் வரை இழுக்கும். உள்ளே வருவது 10 வாட் என்றால் சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி இறங்கத்தானே செய்யும்? உடனே “பேட்டரி போச்சு” என்று தீர்ப்பு.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். பவர் டெலிவரி என்பதும் 15 வோல்ட் 3 ஆம்பியர் என்பதும் அதில் இருக்க வேண்டும். கேபிளின் இரண்டு முனையும் சி வகையாக இருக்க வேண்டும். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி என்றால் விட்டுவிடுங்கள்.

மே மாத மதியம்

சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் டெக் நன்றாக ஓடும் என்று வால்வ் சொல்கிறது. சென்னை, மதுரை வெயிலில் மின்விசிறி கத்துவதும் ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைவதும் பழுது அல்ல. சிப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைக்கும், 105-ல் அணைந்துவிடும். ஃபிரேமை 40-ல் கட்டிவிட்டு விளையாடுங்கள்.

டிடிபி-யைக் குறைத்துவிட்டு மறப்பது

மூன்று புள்ளி பட்டனை அழுத்தி பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் டிடிபி வரம்பு, அதாவது சிப் எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பு, இருக்கும். உச்சம் 15 வாட். ஸ்டார்டியூ வேலி மாதிரி கேமுக்கு 5 வாட்டே தாராளம், பேட்டரியும் நீடிக்கும். ஆனால் அதே பக்கத்தில் இருக்கும் ‘ஒவ்வொரு கேமுக்கும் தனி அமைப்பு’ என்ற சுவிட்சைப் போடாமல் 5 வாட் வைத்தால் அது எல்லா கேமுக்கும் போய்ச் சேரும். மறுநாள் எல்டன் ரிங் திறந்தால் படம் படமாக நகரும். உடனே புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) பதிப்பை மாற்றுவது, கேமை அழித்து மறுபடி 50 ஜிபி இறக்குவது என்று ஒரு நாள் போய்விடும். கேம் திடீரென்று மந்தமானால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் பட்டனும் அங்கேயே இருக்கிறது.

40 ஃபிரேம் பற்றி ஒரு வார்த்தை. 60 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி, 30-ல் 33.3. 40-ல் 25, அதாவது இரண்டுக்கும் சரியாக நடுவில். 10 ஃபிரேம்தான் கூடுகிறது, ஆனால் 30-லிருந்து 60-க்குப் போகும் பாதி தூரத்தை அது கடந்துவிடுகிறது. 90 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரை கொண்ட டெக் என்றால் 45 வையுங்கள்.

‘அதர்’ பகுதியை அழிப்பது

நீளமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். மற்ற தவறுகளுக்குப் பணமோ நேரமோ போகும். இதில் போவது எதைக் கொடுத்தாலும் திரும்ப வராது.

வழக்கமாக நடப்பது இது. 64 ஜிபி டெக். கேம்களையெல்லாம் மெமரி கார்டில் போட்டாயிற்று. அப்படியும் உள் சேமிப்பு நிரம்பிவிட்டது. ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘அதர்’ என்று ஒரு பெரிய பட்டை, 25 ஜிபி, 30 ஜிபி என்று நிற்கிறது. “குப்பைதானே” என்று யாரோ வீடியோவில் சொல்லிக்கொடுத்தபடி டெஸ்க்டாப் மோடுக்குப் போய், அந்த இடத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஃபோல்டர்களையும் தேடிப்பிடித்து அழித்துவிடுகிறார்கள். இடம் கிடைத்துவிட்டது, சந்தோஷம். அடுத்த வாரம் பாதியில் விட்ட கேமைத் திறந்தால் ‘புதிய ஆட்டம்’ மட்டும் இருக்கிறது. 80 மணி நேர ஆட்டம் போனவர்கள் உண்டு.

அந்த இரண்டு ஃபோல்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் வினை. ஒன்றின் பெயர் ஷேடர்கேஷ். டெக்குக்காகவே முன்கூட்டித் தொகுத்த ஷேடர்களை (கேமின் காட்சியை வரையும் சிறு நிரல்கள்) ஸ்டீம் அதில் இறக்கி வைக்கிறது. அதை அழித்தால் நஷ்டமில்லை. தேவைப்படும்போது மறுபடி இறக்கிக்கொள்ளும், முதல் சில நிமிடம் கேம் திக்கும், அவ்வளவே. இன்னொன்று கம்பாட்டேட்டா. பெரும்பாலான கேம்களில் உங்கள் ஆட்டம் முழுதும் அதில்தான் இருக்கிறது.

காரணம் புரோட்டான் வேலை செய்யும் விதம். விண்டோஸுக்கு எழுதப்பட்ட கேம், தன் சேவ் ஃபைலை சி டிரைவில் டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா, சேவ்டு கேம்ஸ் போன்ற இடங்களில் வைக்கப் பழகியது. லினக்ஸில் சி டிரைவ் ஏது? அதனால் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி டிரைவைக் கட்டிக் கொடுக்கிறது. பிரிஃபிக்ஸ் என்பார்கள். அது வாழும் இடம் கம்பாட்டேட்டா. கேம் மெமரி கார்டில் இருந்தாலும் இது பெரும்பாலும் உள் சேமிப்பில்தான் உட்காரும். எனவே 64 ஜிபிக்காரர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

உள்ளே போனால் பெயர்கள் இருக்காது, எண்கள்தான். ஸ்டீம் கடையில் அந்த கேமின் பக்கத்துக்குப் போனால் முகவரியில் வரும் எண்ணும் இதுவும் ஒன்று. 413150 என்றால் ஸ்டார்டியூ வேலி, 1245620 என்றால் எல்டன் ரிங், 292030 என்றால் விட்சர் 3. எண்ணைப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

“கிளவுடில் இருக்குமே?” இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைப் பக்கத்தின் வலது ஓரத்தில் ஸ்டீம் கிளவுட் என்ற வரி இல்லாத கேமுக்கு கிளவுடில் ஒன்றும் இல்லை. இருக்கும் கேம்களிலும் சேவ் ஃபைல் மேலே போவது பொதுவாக கேமை மூடும்போதுதான். பவர் பட்டனைத் தட்டித் தூங்கவைப்பது மூடுவது ஆகாது. தூங்கும்போதே மேலே அனுப்பும் வசதியை வால்வ் 2022-ல் கொடுத்தது. ஆனால் அந்தந்த கேமை எழுதியவர்கள் அதைச் சேர்த்திருந்தால்தான் வேலை செய்யும். டெக்கைத் தூங்கவைத்துவிட்டு மேசைக் கணினியில் அதே கேமைத் திறந்து, அங்கே பழைய ஆட்டத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். அப்போது ‘கிளவுடா, இந்தக் கணினியா’ என்று ஒரு பெட்டி வரும். அவசரப்பட்டு ஒன்றை அழுத்தினால் மற்றது போச்சு. ரத்து செய்யுங்கள். இரண்டின் தேதியையும் நேரத்தையும் படியுங்கள், டெக்கில் கேமை முறையாக மூடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கேமைக் கையால் சேர்ப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அவற்றுக்கு ஸ்டீம் தானாக ஒரு 10 இலக்க எண் கொடுக்கும். ஏதோ ஓடவில்லை என்று அந்த கேமைப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் வேறு எண், அதாவது வேறு சி டிரைவ். சேவ் ஃபைல் அழியவில்லை, பழைய எண்ணுக்குள் கிடக்கிறது. இது தெரியாமல், “எப்படியும் போய்விட்டதே” என்று மிச்சத்தையும் துடைத்துவிடுவதைத்தான் சகிக்க முடியவில்லை. கம்பாட்டேட்டாவைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

இடம் வேண்டும் என்றால் வழி இது:

டெஸ்க்டாப் மோடில் டால்ஃபின் என்ற ஃபைல் மேலாளரைத் திறந்து, மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். ஹோமில் புள்ளியோடு தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், ஸ்டீம், ஸ்டீம்ஆப்ஸ். அங்கே ஷேடர்கேஷின் உள்ளே இருப்பதை மட்டும் நீக்குங்கள். கம்பாட்டேட்டாவில் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும் என்றால், அந்த எண்ணின் ஃபோல்டருக்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ் என்று இறங்கி, ஸ்டீம்யூசர் என்ற ஃபோல்டரை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். எண்ணின் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுக்காதீர்கள். அதில் இஸட் டிரைவ் என்ற பெயரில் டெக்கின் மொத்த ஃபைல் அமைப்பையும் சுட்டும் இணைப்பு ஒன்று இருக்கிறது. நகலெடுக்கும் முறையைப் பொறுத்து அது உங்களை எங்கேயோ இழுத்துப் போகும். சில கேம்கள் சேவ் ஃபைலை கேம் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும், அதையும் பாருங்கள். இத்தனையும் கையால் செய்ய அலுப்பாக இருந்தால் டிஸ்கவர் கடையில் லுடுசாவி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சேவ் ஃபைல்களை மட்டும் தேடி எடுத்து நகல் வைப்பதே அதன் வேலை.

லினக்ஸ் பதிப்பில் ஆடிக்கொண்டிருந்த கேமை நடுவில் புரோட்டானுக்கு மாற்றினாலும் ஆட்டம் காணாமல் போனது போலத் தோன்றும். பழையது ஹோமில் புள்ளி கான்ஃபிக் அல்லது புள்ளி லோக்கலுக்குள் இருக்கும். மாற்றியதைத் திரும்ப மாற்றினால் வந்துவிடும்.

மெமரி கார்டை விண்டோஸில் செருகுவது

டெக் அதை லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்திருக்கும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும். வேண்டாம்.

பின்மூடியைத் திறப்பது

முதலில் மெமரி கார்டை வெளியே எடுங்கள். கார்டு உள்ளே இருக்க மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக உடையும். எஸ்எஸ்டி (உள் சேமிப்பு அட்டை) மாற்றத் துணிந்தவர்களில் இதற்குப் பலி கொடுக்காதவர்களைக் கண்டுபிடிப்பதே சிரமம்.

அடுத்து, வால்யூம் கூட்டும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குப் போய், பவர் பகுதியில் பேட்டரி ஸ்டோரேஜ் மோடைப் போடுங்கள். அதன்பின் சார்ஜரைச் செருகும்வரை டெக் உயிர் பெறாது. எல்சிடி டெக்கின் பின்னால் 8 ஸ்க்ரூ. நான்கு நீளம், நான்கு குட்டை. கலந்துவிடாதீர்கள். அவை நேராக பிளாஸ்டிக்கில் கடிப்பவை. திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி, பழைய மரையில் ‘டக்’ என்று விழுந்த பிறகு வலப்பக்கம் முடுக்குங்கள். இல்லாவிட்டால் மரை தேய்ந்து மூடி ஆடும். ஓஎல்இடியில் உலோக மரை, டார்க்ஸ் (ஆறு முனை) தலை. கூட்டல் குறி முனை கொண்ட பிலிப்ஸ் திருப்புளியை அதில் திணிக்காதீர்கள்.

எஸ்எஸ்டியில் 2230 அளவு (22 × 30 மில்லிமீட்டர்) மட்டும்தான். அதன் மேல் இருக்கும் உலோக உறையைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். எஸ்எஸ்டியைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள்.

எந்த கேமும் ஓடும் என்று நம்பி வாங்குவது

வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இறுதியிலிருந்து ஓடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான் தடை, புரோட்டான் பதிப்பை மாற்றிப் பயனில்லை.

ஸ்டிக் தானாக நகர்ந்தால் உடனே புது ஸ்டிக் வாங்குவது

முதலில் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் கேலிபிரேட் செய்யுங்கள். டெட் சோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வாங்கலாம்.

டெர்மினலில் பேக்மேன் கொண்டு நிறுவுவது

பேக்மேன் என்பது ஆர்ச் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவி. ஸ்டீம் ஓஎஸ்ஸின் மூலப் பகுதி படிக்க மட்டும் என்று பூட்டியிருக்கும். பூட்டைத் திறந்து நிறுவியவை அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். டிஸ்கவரில் வரும் ஃபிளாட்பேக் மென்பொருள்கள் ஹோமில் உட்காரும், நிலைக்கும்.

அப்டேட்டுக்குப் பிறகு டெக் எழவில்லை என்று எல்லாவற்றையும் அழிப்பது

அப்டேட்டோடு பயோஸும் மாறினால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் பெரிய ஆபத்து. சார்ஜரைச் செருகிவிட்டு விட்டுவிடுங்கள். நெடுநேரம் ஆகியும் வரவில்லை என்றால் மட்டும் 10, 12 நொடி பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். பிறகு மூன்று புள்ளி பட்டனைப் பிடித்தபடி பவரைத் தட்டுங்கள். பட்டியலில் முந்தைய ஸ்டீம் ஓஎஸ் பதிப்பும் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பதிப்பில் எழுந்துவிடும். ஹோம் தனிப் பிரிவில் இருப்பதால் கேம்களும் கம்பாட்டேட்டாவும் அப்படியே இருக்கும். உள்ளே போனதும் சேவ் ஃபைல்களை நகலெடுத்துவிட்டு, அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள்.