தொலைதூர நகரங்களுக்கு இடையே வான்தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

தட்டையான உலக வரைபடத்தில் இரு நகரங்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு, பெரும்பாலும் விமானம் பறக்கும் வழியாக இருப்பதில்லை. பூமி உருண்டை என்பதால், அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் (பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின்) ஒரு வில்லாக அமைகிறது. நியூயார்க் லண்டனுக்குத் தென்மேற்கே இருந்தும், லண்டனிலிருந்து அங்கு செல்லும் குறுகிய வழி முதலில் வடமேற்காகக் கிளம்புவது இதனால்தான். உலக உருண்டை ஒன்றின்மேல் நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

துல்லியமான தூரம் வேண்டுமெனில், இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைத் தம்முள் பெருக்குங்கள். பிறகு அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி, இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். எந்தக் கோணத்தின் கோசைன் இந்தக் கூட்டுத்தொகையோ, பாகையில் உள்ள அந்தக் கோணத்தை, ஒரு பாகைக்குரிய நீளமான 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகையிலும், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78 பாகையிலும் உள்ளன. கூட்டுத்தொகை 0.645, கோணம் 49.83 பாகை, தூரம் சுமார் 5,540 கி.மீ. தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி இட மறந்தால் விடை முற்றிலும் பிசகிவிடும். எனக்குத் தெரிந்து பலரும் தடுக்குவது இங்கேதான்.

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறப்பதால், தூரத்தை 900 ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை சேர்த்துக்கொள்ளலாம். இத்துடன் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நடு அட்சரேகைகளின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள் சென்றுவிடும் விமானம், திரும்பி வர ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுக்கும். வான்வெளித் தடைகளும் பாதையை நீட்டும்: 2022 இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரம் வரை நீண்டது.

பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், அவற்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், பயணம் மூன்று மணி நேரமன்று. ஐந்து மணி நேர வேறுபாட்டையும் கூட்டினால் எட்டு மணி நேரம். அந்த வேறுபாடும் ஆண்டு முழுவதும் நிலையானதன்று. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்தள்ளுவதால், இடைப்பட்ட நாட்களில் அது நான்கு மணி நேரமாகக் குறைகிறது. ஆகவே இரு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிக்கொண்டு, அதன்பின் கழிப்பதே நம்பத்தக்க வழி. இடையில் விமானம் மாறுவதாக இருந்தாலும் இதே முறைதான்: முதல் விமானம் புறப்படும் நேரத்தையும் கடைசி விமானம் இறங்கும் நேரத்தையும் மட்டும் மாற்றிக் கழித்தால், இடையில் காத்திருக்கும் நேரமும் அதற்குள் அடங்கிவிடும்.